மடை பார்க்கப் போனவர்கள்

கேள்வியோடு வருகிறவர்கள் பொதுவாக ஒரு கேள்வியோடுதான் வருவார்கள். கிருபாகரன் அறுபத்துநான்கு கேள்விகளோடு வந்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் பொட்டல்விளை என்ற ஊரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். இந்த வயதில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்று சேர்ந்திருந்தார். அவருடைய நெறியாளர் உலகம்மைக்கு முப்பத்தாறு வயது. மாணவர் ‘மேடம்’ என்பார், ஆசிரியர் ‘சார்’ என்பார். பல்கலைக்கழகத்தில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொண்டதும் கிடையாது.

கிருபாகரனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாவி கிடக்கும். யோசிக்கும்போதும் பதறும்போதும் அதைக் குலுக்குவார். அன்றைக்கு அவர் உலகம்மையின் அறைக்குள் வருவதற்கு முன்பே சாவிச் சத்தம் வந்துவிட்டது.

“மேடம், மேலிடத்துலேருந்து கடுதாசி வந்துட்டு.”

உலகம்மை வாங்கிப் படித்தார்.

பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு பெயர்கள். மார்கழி வரை எல்லாரும் வருகிறார்கள். தை பிறந்து உப்பு வாரத் தொடங்கியதும் வருகை பதினான்கில் வந்து நின்றுவிடுகிறது. மூன்று வருடமாக இதே கதை. இன்னும் பதினெட்டு நாளில், ஒரு வெள்ளிக்கிழமை, வட்டாரக் கல்வி அலுவலர் நேரில் வந்து தலைகளை எண்ணுவார். இருபதுக்குக் குறைந்தால் ஜூன் மாதம் பள்ளியை மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

“அந்த ரோட்டத் தாண்டி ஆறு வயசுப் பிள்ளை எப்படிப் போகும் மேடம்? பொம்பளப் பிள்ளைங்கள அனுப்பவே மாட்டாங்க. அஞ்சாவதோட நிக்கிறதுக்குப் பதிலா ரெண்டாவதோட நின்னுரும்.”

“என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

கிருபாகரன் பைண்டு செய்த ஒரு கட்டை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

“வினாநிரல் மேடம். அறுபத்துநாலு கேள்வி. பெற்றோர் ஏன் பிள்ளைகள அனுப்ப மாட்டேங்குறாங்கன்னு வீடு வீடாக் கேட்டு, காரணத்தக் கண்டுபிடிச்சு, அதிகாரி வர்றதுக்குள்ள சரி பண்ணிரலாம். என் ஆய்வுக்கும் ஆச்சு, பள்ளிக்கூடத்துக்கும் ஆச்சு.”

உலகம்மை கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“முதல்ல நீங்க நிரப்புங்க சார்.”

“நானா? நான் பெற்றோர் இல்லையே மேடம்.”

“பொட்டல்விளையில ஒரு வீட்ட மனசுல நினைச்சுக்கிட்டு நிரப்புங்க. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரிஞ்ச கேள்விக்கு மட்டும்.”

கிருபாகரன் உட்கார்ந்து எழுதினார். பதினேழாவது கேள்வி: பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் யாது? விருப்பமின்மை, வேலைக்கு அனுப்புதல், நோய், பிற. யோசிக்காமல் இரண்டாவதற்கு டிக் போட்டார். கை நிற்கவே இல்லை. பத்து நிமிடத்தில் அறுபத்துநான்கும் முடிந்துவிட்டது.

“எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சிருக்கே சார்” என்றார் உலகம்மை. “பிறகு அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

கிருபாகரனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் விடுகிற ஆள் அவர் இல்லை. அந்த வாரம் முழுக்க, சாயங்காலங்களில், கட்டைத் தூக்கிக்கொண்டு பொட்டல்விளையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருபத்தேழு பேர், வீடுகள் இருபத்துமூன்று. ஒரு வீட்டையும் விடவில்லை.

சனிக்கிழமை போனில் கத்தினார்.

“மேடம், ஒரே ஒரு பதில்தான். இருபத்துமூணு வீட்டுலயும்! ‘அனுப்புதோமே சார்.’ மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லுதாங்க. வருகைப் பதிவேடு என் கையில இருக்கு. ஒண்ணு கூட வரல. கூசாமப் பொய் சொல்லுதாங்க. குறிப்புங்கிற கட்டத்துல எல்லாத்துலயும் ‘பொய்’னு எழுதிட்டேன்.”

“இருபத்துமூணு பேரும் ஒரே பொய்யவா சொன்னாங்க?”

“ஆமா மேடம்.”

“கூடிப் பேசி வச்சுக்கிட்டா?”

கிருபாகரன் அதை யோசித்திருக்கவில்லை.

“திங்கக்கிழமை நான் வர்றேன் சார்” என்றார் உலகம்மை.

வந்தார். பேருந்தை விட்டு இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது மணி பத்து இருபது. பெரிய இரும்புக் கேட், நீலப் பெயிண்ட் அடித்தது, பூட்டியிருந்தது. உள்ளே பாடம் நடக்கும் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் வெயிலில் நின்றார். பிறகு கிருபாகரன் பார்த்துவிட்டு, சாவியைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயையோ மேடம், மன்னிச்சுக்கோங்க. உப்பு லாரி போற ரோடு பாருங்க. நான் மாத்தலாகி வந்ததும் அலையா அலைஞ்சு இந்தக் கேட்ட வாங்கிப் போட்டேன். ஒன்பதரைக்குப் பூட்டிருவேன். அதுக்குப் பொறவு ஈ காக்கா உள்ள வராது.” அவர் சிரித்தார். “மேடத்துக்கே பூட்டு போட்டுட்டேன்.”

உலகம்மையும் சிரித்தார். அந்த ஐந்து நிமிடம் வெளியே நின்று என்ன பார்த்தீர்கள் என்று கிருபாகரன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

பள்ளியை உதவி ஆசிரியையிடம் விட்டுவிட்டு இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். மணி பதினொன்று. விடியுமுன் அளத்துக்குப் போன பெண்கள் பத்து மணிக்கே திரும்பியிருந்தார்கள். தெருக்குழாயடியில் எட்டுப் பேர் காலில் காய்ந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தைகள். பெரிய பிள்ளைகளைத்தான் எங்கும் காணோம். அளத்துக்குப் போயிருக்கும் என்று கிருபாகரன் நினைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியரைப் பார்த்ததும் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

“சார் வாங்க. பிள்ளைய அனுப்பிட்டோம் சார்” என்றாள் சொர்ணக்கனி. முப்பத்துநான்கு வயது, எட்டுப் பேரில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

கிருபாகரன் உலகம்மையைப் பார்த்தார். ‘பாத்தீங்களா’ என்றது அந்தப் பார்வை.

உலகம்மை குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார்.

“நான் பள்ளிக்கூடத்தப் பத்திக் கேக்க வரலக்கா. ஒரு சந்தேகம். அளத்துல ஒரு பாத்தியில உப்பு விளையலன்னா என்ன செய்வீங்க?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைக் கேட்கவா டவுனிலிருந்து பஸ் ஏறி வந்தாள் என்று ஒருத்தி முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

“என்ன செய்வோம்? மடை பாப்போம்” என்றாள் சொர்ணக்கனி.

“அப்படின்னா?”

“பாத்தி சும்மா கெடந்தா அதுக்குத் தண்ணி வந்து சேரலன்னு அர்த்தம். பாத்தியத் திட்டி என்ன புண்ணியம்? மோட்டார் கெணத்துல ஆரம்பிச்சு வாய்க்கா வழியா தண்ணி கூடவே நடப்போம். ஒவ்வொரு மடையா பாத்துக்கிட்டே வருவோம். எங்கன தண்ணி நிக்கோ அங்கன ஒரு குச்சி நட்டுருவோம். அம்புட்டுதான்.”

“பாதி வழியிலயே பாத்தா போதாதா?”

எட்டுப் பேரும் ஒரேயடியாகப் பேசினார்கள். போதாது. கரையில் நின்று ஊகிக்கிறவன் தப்புத் தப்பாகச் சொல்லுவான். மேஸ்திரி அப்படித்தான் ஒருதடவை நண்டு வளை என்று சொல்லி நாள் முழுக்க வெட்ட விட்டான். கடைசியில் பார்த்தால் அவன் செருப்பே மடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணி கூட நடக்க வேண்டும். தண்ணி போகிற வேகத்துக்கே நடக்க வேண்டும். அதுவும் எவள் பாத்தியோ அவளே நடக்க வேண்டும், அவளுக்குத்தான் தன் வாய்க்கால் தெரியும்.

அவர்கள் இவ்வளவு பேசிக் கிருபாகரன் இதுவரை கேட்டதே இல்லை. மூன்று வருடத்தில் அவர் கேட்டதெல்லாம் ‘சரி சார்’, ‘அனுப்புதோம் சார்’ இரண்டும்தான்.

உலகம்மை அவர் பக்கம் திரும்பினார்.

“சார், உங்ககிட்ட இருக்கிற கடுதாசிய இவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.”

“இவங்களுக்கா?”

“இவங்க பள்ளிக்கூடம்தான சார்?”

கிருபாகரன் படித்தார். நாலுவழிச் சாலை என்று வந்த இடத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வராத பிள்ளையளா? இருபத்தேழா?” சொர்ணக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்மவ இசக்கிப்ரியா தெனமும் போறாளே சார். நான் அளத்துலேருந்து வார வரைக்கும் தம்பியப் பாத்துக்கிட்டு இருப்பா. நான் வந்து காலடி வச்சதும் பையத் தூக்கிட்டு ஓடுவா.”

“எம் பையனுந்தான்” என்றாள் இன்னொருத்தி.

“பதிவேட்டுல இல்ல” என்றார் கிருபாகரன். அவருக்கும் கோபம்தான்.

“அப்போ நடுவுல எங்கனயோ நிக்கி” என்றாள் சொர்ணக்கனி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அவள் மற்றப் பெண்களைப் பார்த்தாள். எட்டு முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. “ஏட்டி, மடை பாத்துருவோமா?”

அதன் பிறகு அந்தப் பெண்களுக்கு நெறியாளர் தேவைப்படவில்லை. புதன்கிழமை, இருபத்துமூன்று வீட்டுத் தாய்மாரும், பிள்ளைக்குத் தெரியாமல் பின்னால் நடப்பது. பிள்ளை நிற்கிற இடத்தில் ஒரு குச்சி. ஆளுக்கொரு வேலிக்குச்சி, இரண்டு பிள்ளை உள்ளவளுக்கு இரண்டு. எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்தார்கள். பிள்ளையிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

“நான் என்ன செய்யணும் மேடம்?” என்றார் கிருபாகரன். அவரை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதது அவருக்குப் புதிதாக இருந்தது.

“நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அதச் செய்யுங்க சார்.”

செய்தார். புதன்கிழமை ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டினார்.

அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தார்: பெட்டிக்கடை, கிரிக்கெட் மைதானம், அளம், டி.வி. இருக்கும் வீடு. எந்த இடத்தில் எத்தனை குச்சி என்று நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. அளத்தில் பத்தாவது இருக்கும் என்று தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொண்டார். பத்தரை மணிக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏழேழு?”

“நாப்பத்தொம்பது!”

“ஏழெட்டு?”

கேட் பக்கம் ஒரே இரைச்சல். வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

கேட்டுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, மண்ணில் குச்சிகள் நட்டிருந்தன. ஒன்றிரண்டல்ல. வரிசையாக, நெருக்கமாக, சாலை ஓரம் வரைக்கும். எண்ணத் தெரியாதவர் அல்ல கிருபாகரன். இருந்தாலும் இரண்டு தடவை எண்ணினார். இருபத்தேழு.

பெட்டிக்கடையில் ஒன்றும் இல்லை. மைதானத்தில் ஒன்றும் இல்லை. அளத்தில் ஒன்றே ஒன்றுகூட இல்லை. நோட்டில் போட்டு வைத்த நாலு கட்டமும் காலியாகவே இருந்தன.

குச்சிகளுக்குப் பின்னால் பெண்கள் நின்றார்கள், காலில் உப்போடு. அவர்களுக்குப் பின்னால், மதில்சுவர் நிழலில், பைகளோடு பிள்ளைகள் நின்றன. பிடிபட்டுவிட்டோம் என்று அதுகளுக்கு ஒரே பயம்.

“சார்” என்றாள் சொர்ணக்கனி. அவளுக்கு மூச்சு வாங்கியது. “நீங்க அறுபத்துநாலு கேள்வி கேட்டிய. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு. கேக்கலாமா?”

கிருபாகரன் தலையாட்டினார்.

“இந்தப் பூட்டு யாரு போட்டது?”

கிருபாகரனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. சாவியைக் குலுக்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“பிரியா” என்றார். “நீங்க வாறது எனக்குத் தெரியாதே. ஏன் கேட்டத் தட்டல?”

இசக்கிப்ரியா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“லேட்டா வந்தா அம்மாவக் கூட்டிட்டு வரணும்னு பிரேயர்ல சொன்னிய சார். அம்மா அப்பத்தான் வந்து கால நீட்டும். அதான் சொல்லல.”

“பிறகு நாள் முழுக்க இங்க என்ன பண்ணுவீங்க?”

“உள்ள சொல்லுததச் சொல்லுவோம் சார். நீங்க கேட்டுக்கு வந்தா சுவத்துக்குப் பின்பக்கம் ஓடிருவோம்.”

அவருக்குப் புரியவில்லை. அவள் ஒப்பித்துக் காட்டினாள்:

“ஏழெட்டு அம்பத்தாறு.”

கிருபாகரன் அழுதார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், தலைமையாசிரியர், ஊர்ப் பெண்கள் முன்னால், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கேட்டைத் திறந்தார். பிள்ளைகள் உள்ளே ஓடின. ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு அவசரம்.

அன்று சாயங்காலம் அவர் இருபத்துமூன்று தாள்களையும் எடுத்து, குறிப்புக் கட்டத்தில் ‘பொய்’ என்று எழுதியதை ஒவ்வொன்றாக அடித்தார்.

அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் மடை எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் தண்ணீர் பாய்ந்துவிடாது. கேட்டைத் திறந்தே போட முடியாது, நிமிடத்துக்கொரு உப்பு லாரி. பூட்டினால் பத்து மணிப் பிள்ளைகள் வர முடியாது. பெண்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். கிருபாகரனும் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போடவா என்று கேட்ட உதவி ஆசிரியையை முறைத்தார்.

முதல் யோசனை அவருடையது: சின்னத் தம்பி தங்கைகளையும் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிடட்டும். வியாழனும் வெள்ளியும் செய்து பார்த்தார்கள். பதினோரு குழந்தைகள் சேர்ந்து அழுததில் பாடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று வருகைப் பதிவேட்டின்மேல் மூத்திரம் பெய்துவிட்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிருபாகரனும் சிரித்தார்.

“இந்த மடை ஆகாது சார்” என்றாள் சொர்ணக்கனி. “வேற வெட்டுவோம்.”

இரண்டாவது யோசனை யாருடையது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. பேசப் பேச வந்தது. தினமும் ஒருத்தி, முறை வைத்து, கேட்டடியில் உட்காருவாள். அன்றைக்கு அவள் பாத்தியை மற்றவர்கள் வாரிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு ஒரு தடவை திறப்பாள், பத்தே காலுக்கு மறுபடி திறப்பாள். நடுவில் லாரிக்குப் பயந்து பூட்டிவைப்பாள். முதல் முக்கால் மணி நேரம் விளையாட்டு, படம், பழைய பாடம். புதுப் பாடமெல்லாம் பத்தே காலுக்குப் பிறகு. குறைகிற நேரத்துக்குக் கிருபாகரன் சாயங்காலம் முக்கால் மணி நேரம் கூட இருப்பார்.

“முறைக்காரிகிட்ட சாவி வேணுமே” என்றாள் ஒருத்தி.

கிருபாகரன் பேச்சு வேகத்தில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்தோம் என்பதே அவர் மனதில் பதியவில்லை. அடுத்த வாரப் பாடத்திட்டத்தை மாற்றுகிற மும்முரத்தில் இருந்தார். திங்கள்கிழமை முப்பத்தாறு பேர். செவ்வாய் முப்பத்தெட்டு. அவர் தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு எண்ணிக்கையைக் கத்தினார். அந்த வாரம் அவர் நடக்கவில்லை, பறந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரியும் வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, ஒன்பது முப்பத்தைந்துக்கு.

கேட்டடியில் சொர்ணக்கனியின் முறை. திறந்து அவரை வண்டியோடு உள்ளே விட்டுவிட்டுப் பூட்டினாள்.

அதிகாரி வகுப்புக்குள் போய்த் தலைகளை எண்ணினார். பதினான்கு.

“சார், இன்னும் அரை மணி நேரத்துல இருபத்தஞ்சு பேர் வருவாங்க” என்றார் கிருபாகரன். “ரெண்டு தடவையா வர்றாங்க சார். ஏன்னா அளத்துல...”

“பள்ளிக்கூடம் எத்தன மணிக்கு?”

“ஒன்பதரைக்கு சார். ஆனா...”

“இப்ப மணி என்ன?”

கிருபாகரன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி தாளில் பதினான்கு என்று எழுதினார். கெட்ட மனிதர் அல்ல அவர். அன்றைக்கு இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதே முக்காலுக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு கேட்டுக்கு வந்து ஹாரன் அடித்தார்.

கிருபாகரன் வராண்டாவில் நின்றார். எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

கேட்டடியில் சொர்ணக்கனி எழுந்து நின்று கும்பிட்டாள்.

“சார், சாவியக் காணோம்.”

“என்னது?”

“இங்கனதான் வச்சேன்.” அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். சோற்றுத்தூக்கைத் திறந்து பார்த்தாள். உட்கார்ந்திருந்த சாக்கை உதறினாள். இவ்வளவு பொறுமையாக ஒரு பொருளை யாரும் தேடி கிருபாகரன் பார்த்ததில்லை. “வயசான கண்ணு பாருங்க சார், தெரிய மாட்டேங்கு.”

“உனக்கு என்ன வயசும்மா?”

“அது கெடக்கு சார். வண்டிய நிப்பாட்டிட்டு நெழல்ல உக்காருங்க. லாரி போற ரோடு, மதில் ஏறியெல்லாம் குதிக்கக் கூடாது.”

“ஹெட்மாஸ்டர்!” என்று அதிகாரி கத்தினார். “இன்னொரு சாவி இல்லையா?”

கிருபாகரனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலியாக இருந்தது.

“இல்ல சார்” என்றார். அது சுத்தமான உண்மை. “சாவி அவங்ககிட்டதான்.”

அதிகாரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். உதவி ஆசிரியை டீ கொண்டுவந்து கொடுத்தார். சொர்ணக்கனி தேடிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே சாலையை எட்டிப் பார்த்தாள். பத்து மணி ஆயிற்று. பத்து ஐந்து ஆயிற்று.

பத்துப் பன்னிரண்டுக்கு ஊர்ப் பாதையில் புழுதி கிளம்பியது.

பிள்ளைகள் ஓடிவந்தன. முன்னால் இசக்கிப்ரியா, பின்னால் மற்றவர்கள், பைகள் முதுகில் துள்ள. பின்னாலேயே அவர்கள் அம்மாமார், உப்புக் காலோடு, வேடிக்கை பார்க்க.

சொர்ணக்கனி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

“கெடச்சிட்டு சார்!”

கேட் திறந்தது. அதிகாரி எழுந்து நின்று எண்ணினார். முதலில் உதட்டுக்குள் எண்ணியவர் இருபது தாண்டியதும் வாய்விட்டு எண்ணினார். பெண்களும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள். முப்பத்தொன்பதில் நின்றது. மீதி இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றாள் ஒருத்தி.

அதிகாரி பதினான்கை அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். சொர்ணக்கனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இப்ப நான் போலாமாம்மா?”

“தாராளமா போயிட்டு வாங்க சார்” என்றாள் அவள்.

மறுநாள் காலையில் கிருபாகரன் உலகம்மையின் அறைக்கு வந்தார். எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னார். சோற்றுத்தூக்கைத் திறந்து பார்த்ததை நடித்தே காட்டினார். உலகம்மை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் கிருபாகரன் கேட்டார்:

“மேடம், நீங்க மொதல்ல வந்த அன்னிக்கு வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னீங்க. மணி பத்து இருபது. பிள்ளைங்க சுவரோரமா இருந்திருப்பாங்களே?”

“இருந்தாங்க.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.”

கிருபாகரன் எழுந்துவிட்டார்.

“அப்போ அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்! இன்னும் ரெண்டு நாள் அதுங்க வெயில்ல நின்னுச்சே!”

“நின்னாங்க. அந்த ரெண்டு நாளும் என் தப்புதான் சார். இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“நீங்க சொல்லியிருந்தா அந்த நிமிஷமே திறந்திருப்பேன்!”

“திறந்திருப்பீங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல” என்றார் உலகம்மை. “ஆனா நேத்து ஒன்பதே முக்காலுக்கு அந்த அதிகாரி வண்டியக் கிளப்பினாரே. அப்போ சாவி யார் பையில இருந்திருக்கும் சார்?”